வலைக்குப் போன தேயிலை

பழவேற்காட்டில் எதைக் குடித்தாலும் உப்பு. கிணற்று நீர் உப்பு, மோர் உப்பு, சத்திரத்தில் முகம் கழுவக் கொடுத்த தண்ணீரும் உப்பு. கண்ணெதிரே கறந்த பாலைக் காய்ச்சித் தரச் சொல்லி ஆசையோடு ஒரு வாய் குடித்தேன். அதிலும் சத்திரத்துக் கிணறு தன் பங்கைச் செலுத்தியிருந்தது. குறைப்பட்டதற்கு, "கடலாண்ட வந்துட்டு கரும்புச்சாறா கேக்குறீங்க?" என்று சத்திரக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார்.

எங்கள் சென்னப்பட்டணத்துத் தண்ணீரும் அமிர்தம் இல்லை. ஆனால் அங்கே உப்பு நீரைக் கொடுக்கிறவன் கொஞ்சமாவது வெட்கப்படுவான்.

நான் போனது தண்ணீர் குடிக்க அல்ல, தேயிலை வாங்க. சென்னப்பட்டணத்தில் ஓர் ஆங்கிலேய வியாபாரியிடம் நான் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவன் என்று பொருள். இரண்டு பாஷையிலும் திட்டு வாங்குகிறவன் என்பது நடைமுறை. வேலையில் சேர்ந்த புதிதில், துரைக்கு வரும் சீனத் தேயிலையை முதலில் குடித்துப் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. என் நாக்கின்மேல் துரைக்கு அவ்வளவு நம்பிக்கை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விஷமாக இருந்தால் போகிறவன் முதலில் துபாஷியாக இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு என்று துரையின் சமையற்காரன் பிறகு விளக்கினான்.

போகவில்லை. மாறாக, மாட்டிக்கொண்டேன். குறிப்பாகப் புகைத் தேயிலையிடம். சீனத்து மலைகளில் பிசின் ஒழுகும் ஏதோ ஓர் ஊசியிலை மரத்தை எரித்து, அந்தப் புகையிலேயே வாட்டி எடுத்த கறுப்புத் தேயிலை அது. முதல் தடவை குடித்தபோது எரிந்துபோன குடிசையைக் கழுவி ஊற்றிய தண்ணீர் என்றே நினைத்தேன். கொஞ்ச நாள் போன பிறகுதான் அந்தப் புகைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது. முதலில் குங்கிலியம், அது மூக்கோடு சரி. பிறகு நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்குகிற மாதிரி ஒரு துவர்ப்பு. விழுங்கியாயிற்று, கதை முடிந்தது என்று நினைக்கும்போது, தொண்டைக்குள்ளிருந்து பேரீச்சம்பழம்போல ஒரு தித்திப்பு மெல்ல மேலேறி வரும். சுவை ஆறு என்று நம் பெரியவர்கள் எண்ணி முடித்துவிட்டார்கள். புகையை விட்டுவிட்டதற்காக அவர்களை நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி வரவில்லை.

அப்படி ஒரு பெட்டியை உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கப்பல் ஜாவாத் தீவின் பத்தாவியாவிலிருந்து அவர்கள் கோட்டை இருக்கும் பழவேற்காட்டுக்குக் கொண்டுவருவதாகச் செய்தி கிடைத்ததும், துரை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு என்னை அனுப்பினார். "சுவைத்துப் பார். சரியாக இருந்தால் பெட்டியோடு வா. பெட்டி இல்லாமல் வராதே" என்றார். மனுஷன் வேடிக்கையாகப் பேசும் வழக்கம் உள்ளவர் அல்ல.

பழவேற்காடு எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் கொடி வேறு, காசு வேறு, சிறை வேறு. ஆகவே இதை வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. அவமானங்களும் வெளிநாட்டுத் தரத்திலேயே இருந்தன. ஏரியில் வந்துகொண்டிருந்த படகு நடுவழியில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. "பாரமா கீது சாமி, எறங்குங்க" என்றான் படகுக்காரன். படகில் காட்டூர் நெல்மூட்டைகளும் இரண்டு ஆடுகளும் இருந்தன. "ஆடு இறங்கவில்லையே?" என்றேன். "ஆடு சேத்துல பூந்துச்சுன்னா யாரு தூக்குறது?" என்றான். முழங்கால்வரை சேற்றோடு நான் படகைத் தள்ள, ஆடுகள் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தன.

அந்தக் காலோடுதான் கோட்டைக்குள் போனேன். கிடங்குக்குப் பொறுப்பான உலாந்தாத் துரை என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார். நாங்கள் பேசியது பறங்கிப் பேச்சில், அதாவது போர்த்துகீசில். அவருக்கும் அது சொந்தமில்லை, எனக்கும் இல்லை, ஆகவே இருவரும் சமமாகக் கொலை செய்தோம்.

"பெட்டி இல்லை. திருட்டுப் போய்விட்டது. கவலைப்படாதே, திருடனைப் பிடித்துவிட்டேன்" என்றார், பெட்டிக்குப் பதிலாகத் திருடனைக் கட்டிக் கொடுத்துவிடுகிறவர்போல.

கப்பல்கள் அங்கே கரைக்கு வருவதில்லை. கடலில் தள்ளி நிற்கும். சரக்கை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவது சலங்குப் படகு. அந்தப் படகை ஓட்டுகிற தண்டல், கோட்டைக்குப்பத்து எல்லப்பன். அவன் தேயிலையை வழியிலேயே யாருக்கோ விற்றுவிட்டான். பெட்டிக்குள் ஏதோ காட்டுச் செடியின் இலையைப் போட்டு நனைத்து, படகு கவிழ்ந்ததாக நாடகமாடினான். இது கிடங்குத் துரையின் கதை. எல்லப்பன் இப்போது விலங்கோடு கொட்டகையில் இருக்கிறான், கப்பல் திரும்பும்போது அதிலேயே பத்தாவியாவுக்குப் போவான், அங்கே சாகும்வரை கல் சுமப்பான் என்றார்.

கொட்டகையை வரும்போதே பார்த்திருந்தேன். நீளமான கீற்றுக் கொட்டகை, காவலோடு. உள்ளே ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்து சோற்றுக்குத் தங்களையே விற்றுக்கொண்டு வந்தவர்கள் என்று படகுக்காரன் சொன்னான். ஒரு கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு, கப்பல் எப்போது கிளம்பும், எப்போது கிளம்பும் என்று கிடங்கில் எல்லோரும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு தேயிலையானாலும் மனுஷனானாலும் அங்கே காற்று ஒன்றுதான்.

அந்த இலையையாவது நான் பார்க்க வேண்டும் என்றேன். மீதி இருந்தால் குப்பத்தில்தான் இருக்கும் என்றார் துரை. நான் ஓடிவிடுவேன் என்றோ, குப்பத்துக்காரர்கள் என்னை ஓட்டிவிடுவார்கள் என்றோ நினைத்து ஒரு சேவகனையும் கூட அனுப்பினார்.

மறுநாள் காலை கோட்டைக்குப்பத்தில் எங்களை எதிர்கொண்டவள் எல்லப்பன் மனைவி அங்கம்மா. இறால் அலசிக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் அந்தக் குப்பைக்கு சொந்தக்காரரா?"

"குப்பை இல்லை அம்மா. தேயிலை."

"தேயிலையோ மாயிலையோ. அதுக்காவ எம்மூட்டுக்காரரு வெலங்குல கீறாரு. பொட்டி பொளந்துகினு போச்சு, உட்டுட்டு நீந்தி வந்தா இன்னா? உட்டாரா? கட்டிப் புட்சிகினு வந்து கரையில போட்டாரு. அதுக்கு வெலங்கு!"

பின்னால் ஊர் நாட்டார் வந்தார். குப்பத்தின் பஞ்சாயத்து அவர் கையில். அவர் நிதானமாகச் சொன்னதை இங்கே சுருக்குகிறேன். சலங்கு கவிழ்ந்தது உண்மை. கரையில் பெட்டி பிளந்து, உள்ளிருந்தது கறுப்புச் சேறுபோல மணலில் கிடந்தது. கிடங்குத் துரை வந்தார், கைத்தடியால் கிளறினார், "குப்பை! கொண்டுபோய்க் கொட்டுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொன்னார், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போனார். குப்பமே கேட்டது.

"அவரு வேணாம்னுட்டாரு. கடலு குடுத்தது, கரையில கெடக்குது. அப்பறம் அது ஊர்ப் பங்குதானே?" என்றார் நாட்டார்.

இங்கேதான் அந்த ஊர் வழக்கம் என் தேயிலையின் தலையில் இறங்கியது. கோட்டைக்குப்பத்தில் கரைக்கு வந்த எதையும் ஒருவன் தனியாக எடுத்துக்கொள்ள மாட்டான். மீனானாலும் ஒதுங்கிய மரமானாலும் கூறு போட்டு வீட்டுக்கு ஒரு பங்கு. கடலுக்குப் போக ஆண் இல்லாத வீட்டுக்கும் உண்டு. அப்படியே, சீனத்து மலையிலிருந்து உலகத்தைச் சுற்றி வந்த அந்த இலையையும் முறத்தால் அள்ளி வீட்டுக்கு ஒரு குவியல் வைத்திருக்கிறார்கள். நியாயத்தில் ஒரு முறம்கூடக் குறை சொல்ல முடியாது. அதுதான் என் வயிற்றெரிச்சலை அதிகமாக்கியது.

"எடுத்து என்ன செய்தீர்கள்?" என்றேன்.

"ஒரு எல வாயில போட்டுப் பாத்தேன். நல்ல துவர்ப்பு. புது வலைக்கு ஆவாரம்பட்டச் சாயம் ஏத்தணும்னு இருந்துச்சு. பட்டைக்கு எங்க போறது? அல்லாரும் பங்கைக் கொண்டாந்து கொப்பரையில கொட்டுனாங்க. வலைக்கு ஏத்துனோம்."

பருத்தி வலை உப்பு நீரில் மக்காமலிருக்கப் பட்டையைக் கொதிக்கவைத்த துவர்ப்பு நீரில் ஊறப்போடுவார்கள். அதைச் செய்திருக்கிறார்கள். கரையில் கம்புகளின்மேல் அந்த வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தி வெயில் நிறம், அழகான நிறம். கிட்டே போய் முகர்ந்தேன். குங்கிலியம், துவர்ப்பு, அடியில் அந்தப் பேரீச்சந் தித்திப்பின் நிழல். எங்கள் துரை விருந்தாளிக்குக்கூடக் கொடுக்க யோசிக்கிற பொருள். இனிமேல் மடவை மீன்கள் குடிக்கும்.

"சீமாட்டிகள் ஒரு சிட்டிகை போடுவார்கள் ஐயா, ஒரு சிட்டிகை! நீங்கள் ஒரு பெட்டியை ஒரே வேளையில் போட்டிருக்கிறீர்கள்!" என்று கத்தினேன்.

"ஒரு சிட்டிகையில வலைக்கு இன்னா ஏறும்?" என்றார் நாட்டார், உண்மையான அக்கறையோடு.

என் கூச்சல் தீர்ந்ததும், மெல்ல மூளை வேலை செய்தது. கிடங்குத் துரை சொல்வது, கரையில் கிடந்தது தேயிலையே அல்ல என்று. இந்த வலை சொல்வது, அதுதான் என்று. ஆனால் வலையைக் கோட்டைக்குள் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள் என்றால், எல்லா வலையும்தான் நாறும் என்பார்கள்.

"எல்லோரும் கொட்டிவிட்டீர்களா? ஒரு பிடிகூட மீதி இல்லையா?"

அங்கம்மா எங்களைத் தன் வீட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். எல்லோரும் பங்கைக் கொப்பரைக்குக் கொண்டுபோன நேரத்தில் அவள் கோட்டை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் பங்கு வீட்டோரப் பாயில் கிடந்தது, காயப்போட்ட இறாலுக்குப் பக்கத்தில், பல இடங்களில் இறாலோடு கலந்தே. சேவகனை அழைத்து அவன் கையாலேயே அள்ளச் சொன்னேன். நான் இறாலைப் பொறுக்கி எறிந்தேன். பிறந்ததிலிருந்து மீன் தொடாத சைவன் நான். அன்றைக்கு இறாலின் மீசையைத் தேயிலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணலைத் தோண்டினால் ஊறும் தண்ணீர் மட்டும் அந்த ஊரில் இனிப்பு. அதைச் சத்திரக்காரர் எனக்குச் சொல்லாததை மறக்க மாட்டேன். அந்த ஊற்று நீரைக் கொதிக்கவைத்து, முதல் தண்ணீரை உப்புப் போகக் கொட்டிவிட்டு, இரண்டாவதை ஊறவிட்டுக் குடித்தேன். புகை இருந்தது. துவர்ப்பு இருந்தது. கடலும் இருந்தது, கொஞ்சம் இறாலும் இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு, தொண்டையில் காத்திருந்தேன். மெல்ல, வெட்கப்பட்டுக்கொண்டு, அந்தத் தித்திப்பு ஏறி வந்தது. கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சேவகனிடம் சொன்னேன்.

அங்கம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மணலில் துப்பினாள். "படகு ஓட்டைக்கு வெக்கிற குங்கிலியம்ல இது? உங்க தொரைக்கு வவுத்துல ஓட்டையா?"

"அம்மா, இதை வைத்து உன் வீட்டுக்காரனை வெளியே கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன்."

"அப்போ இன்னும் ரெண்டு வாய் குடிக்கிறேன், குடு" என்றாள். நீங்களும் வாங்களும் போய்விட்டது. எனக்கும் அது சரியாகவே பட்டது.

அடுத்த நாள் பிற்பகல், உலாந்தாக்காரர்கள் தேயிலை குடிக்கும் நேரமாகப் பார்த்து, பொட்டலமும் ஒரு குடம் ஊற்று நீருமாகக் கோட்டைக்குப் போனேன். கோட்டைக்கெல்லாம் தலைவரான பெரிய துரை வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிடங்குத் துரை. வந்திருக்கும் சீனத் தேயிலை ஒன்றைத் தங்கள் தேர்ந்த நாக்குக்குச் சமர்ப்பிக்க விரும்புகிறேன் என்றேன். தேர்ந்த நாக்கு என்றால் எந்த நாட்டு மனுஷனும் வாயைத் திறந்துவிடுவான்.

இனி நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கோப்பையில் ஊற்றியதும் கிடங்குத் துரை குங்குமப்பூவை எடுத்துப் போட்டார். பிறகு கற்கண்டு. புகைத் தேயிலையில் குங்குமப்பூ! அபிஷேகம் நடக்கிற இடத்தில் மூக்குப்பொடி தூவுகிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவரும் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! புகை, பிறகு பிசின். கடல் தாண்டி வந்த சரக்கு என்பது வாயில் தெரிகிறது பாருங்கள், பின்னால் ஓர் இலேசான கடல் வாசம்" என்றார்.

அது இறால். நான் சொல்லவில்லை.

"கப்பலிலேயே இதைச் சுவைத்தேன். அதே பெட்டி, சந்தேகமே இல்லை! உனக்கு எங்கே கிடைத்தது? யாருக்கு விற்றிருக்கிறான் அந்தத் தண்டல்?" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"யாருக்கும் விற்கவில்லை துரை. கரையில் குப்பை என்று கொட்டச் சொன்னீர்களே, அது இது. அந்தத் தண்டலின் வீட்டுப் பாயிலிருந்து உங்கள் சேவகன் கையாலேயே அள்ளியது. மற்றதெல்லாம் குப்பத்து வலையில் இருக்கிறது."

பெரிய துரை சேவகனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்றான். பிறகு கிடங்குத் துரையைப் பார்த்தார். அவர் கற்கண்டைக் கலக்கிக்கொண்டே இருந்தார், கரைந்து வெகுநேரமாகியும்.

இந்த இடத்தில் விலங்கை அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் அப்பாவி. பெரிய துரை காலை மெல்ல மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார்: "என் ஆள் தவறாகச் சொன்னான் என்று நான் எழுத முடியாது. பெட்டி இறங்கியது, வாங்க வந்தவனிடம் சேரவில்லை. அதற்கு ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும். இருப்பவன் அந்தத் தண்டல்தான். சேர்ந்துவிட்டது என்று வாங்க வந்தவனே சொன்னால் வேறு விஷயம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குப்பை என்று சொன்னவன் கற்கண்டு கலக்குவான். பெட்டியைக் கட்டிப்பிடித்து நீந்தியவன் கல் சுமப்பான். இரண்டுக்கும் நடுவில் துபாஷி நின்று தீர்ப்பு எழுத வேண்டும். "பெட்டி இல்லாமல் வராதே" என்ற குரல் வேறு காதுக்குள் கேட்டது.

"சேர்ந்துவிட்டது" என்றேன்.

"எங்கே?"

"கோட்டைக்குப்பத்தில். காய்ந்துகொண்டிருக்கிறது."

பெரிய துரை வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சு முடிந்தது. எங்கள் துரையிடம் இதை நான் எப்படிச் சொன்னேன், அவர் எனக்கு என்ன சொன்னார் என்பது இந்தக் கட்டுரையில் வராது. சில மொழிபெயர்ப்புகள் நன்றாக வருவதில்லை.

எல்லப்பன் அன்று மாலையே வெளியே வந்தான். நன்றி சொல்வான், நான் பெருந்தன்மையோடு கையசைப்பேன் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவன் என்னைத் தாண்டி வலையிடம் போனான். மூக்கருகே தூக்கினான்.

"இன்னாமே நாத்தம் இது? எந்த மீனு இதுல வரும்?"

"உன்னிய வெளிய இட்டாந்த நாத்தம்! மூடிகினு பொழங்கு" என்றாள் அங்கம்மா. பிறகுதான் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விலங்கு இருந்த இடம் வீங்கிக் கறுத்திருந்தது. முந்தானை நுனியை நனைத்து அதன்மேல் வைத்தாள்.

எனக்கோ கோபம். விலங்கு போட்டவன்மேல் இருந்ததில் பாதி இப்போது எல்லப்பன்மேல். நாத்தமாம்!

நாட்டார் என்னிடம் வந்தார். "பொருளு வந்து சேந்துச்சுன்னு கோட்டையில நீங்க வாய்விட்டு சொல்லிட்டீங்க. அப்ப வலையில ஏறுன சாயம் உங்குளுது. வலையில பொருளு போட்டவங்களுக்கு பங்கு உண்டு. நாளைக்கு மொத இழுப்பு. நீங்க இல்லாம கூறு போட மாட்டோம்."

எனக்குப் பங்கு வேண்டாம், ஊருக்குப் போக வேண்டும், படகு காத்திருக்கிறது என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்பதற்கு அவர்கள் வழக்கத்தில் இடமில்லை.

விடிந்ததும் கரைக்குப் போனேன். வழியில் கீற்றுக் கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே வைக்கோலும் உடைந்த சட்டிகளும்தான். கொட்டகை ஆட்களைச் சலங்கில் கப்பலுக்கு ஏற்றிப் போக, கருக்கலிலேயே எல்லப்பனைக் கூப்பிட வந்தார்களாம். அவன் மணிக்கட்டை நீட்டிக் காட்டி, துடுப்புப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டான். வேறு ஒருவன் ஓட்டிப் போனான். நான் பார்த்தபோது அதே கையால்தான் எல்லப்பன் வலையை இழுத்துக்கொண்டிருந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

மீன் வந்தது. நிறையவே வந்தது. நாறுகிற வலை என்று சொன்னவனே மீனை வலையிலிருந்து உதறினான். கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்குமாகக் கூறு போட்டான். கடைசியாக ஒரு குவியலை என் பக்கம் தள்ளினான்.

"நான் மீன் தொட மாட்டேன் எல்லப்பா. சைவம்."

"துன்ன சொன்னேனா? எடுத்துக்க சொன்னேன். நீங்க எடுத்தாதான் சாமி மத்தவங்க எடுப்பாங்க."

கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். ஆண்கள் நின்றார்கள். ஒருத்தர்கூடத் தன் கூறில் கை வைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எல்லப்பன் மட்டும் தலை நிமிரவில்லை, பின்னால் திரும்பவும் இல்லை.

குனிந்தேன். இரண்டு கையாலும் அள்ளினேன். ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்க முடியாமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அங்கே கப்பல் பாய் விரித்துக்கொண்டிருந்தது.